டேப் விசைக்கு ஒரே நிறுத்தம்

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மெக்கின்டாஷ் கணினியின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் இல்லை. எஃப்1, எஃப்2 என்று தொடங்கும் மேல்வரிசையும் இல்லை. இது மறதியால் நேர்ந்ததல்ல. அந்த விசைகள் இருந்தால் மென்பொருள் எழுதுபவர்கள் பழைய பழக்கத்தில் அவற்றையே நம்பி எழுதுவார்கள், மவுஸுக்கு மாறமாட்டார்கள் என்று கருதி ஸ்டீவ் ஜாப்ஸ் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ்ஸில் அம்புக்குறிகள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் திரையில் ஒன்றைக் கண்ணால் பார்த்து, மவுஸால் சுட்டி, அழுத்துவதுதான் கணினியைக் கையாளும் வழி என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை. இன்று இணையப் பக்கம் எழுதுபவர்களில் பலர் அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள்.

சுட்டுவதற்குப் பார்வை வேண்டும், நடுங்காத கை வேண்டும். பார்வையற்ற ஒருவருக்கு மவுஸ் முனை திரையின் எந்த மூலையில் நிற்கிறது என்பதே தெரியாது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவருக்குச் சின்னஞ்சிறு பெட்டி ஒன்றுக்குள் அந்த முனையை நிறுத்துவது பெரும்பாடு. நாள் முழுக்க மவுஸைப் பிடித்து மணிக்கட்டு வலி கண்ட அலுவலக ஊழியரும் இந்த வரிசையில் சேர்கிறார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள் வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குழாய், தலையசைவில் அழுத்தும் சுவிட்ச் போன்ற கருவிகளை வைத்துக் கணினியை இயக்குகிறார்கள். அவற்றில் பல கணினிக்கு அனுப்புவது விசைத் தட்டல்களைத்தான். ஆகவே ஒரு பக்கம் விசைப்பலகையால் முழுமையாக இயங்கினால், விசைப்பலகையைத் தொடவே முடியாத பலருக்கும் அது திறந்துவிடுகிறது.

மேசைக் கணினிகளில் இதற்கு ஓர் ஒழுங்கு சீக்கிரமே வந்துவிட்டது. 1987-இல் ஐபிஎம் நிறுவனம் பொதுப் பயனர் அணுகல் என்ற பெயரில் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. எஃப்1 என்றால் உதவி, எஃப்10 என்றால் மெனுப்பட்டை, ஆல்ட்+எஃப்4 என்றால் சாளரத்தை மூடு: இன்றும் விண்டோஸில் நம் விரல்கள் தாமாகச் செய்யும் பலவும் அந்தத் தொகுப்பில் வேர் கொண்டவை. விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் 1989-இல் டாஸ் கணினிகளுக்காக ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டுவந்தார். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸில் ஒரு கேள்விப் பெட்டி எழும்புமே, அந்த ஸ்டிக்கி கீஸ் வசதி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் குழுவினர் உருவாக்கியது. இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த முடியாதவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த அது வழிசெய்கிறது. விண்டோஸ் 95-இலிருந்து அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது.

இணையம் வந்தபோது முதலில் எல்லாம் சுலபமாகவே இருந்தது. பக்கம் என்றால் எழுத்து, இணைப்பு, படிவம். டேப் தட்டினால் அடுத்த இணைப்பு, ஷிஃப்ட்+டேப் தட்டினால் முந்தையது, என்டர் தட்டினால் திறக்கும். பக்கத்தை எழுதியவர் இதற்காக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, பிரவுசர் பார்த்துக்கொண்டது. பக்கங்கள் மென்பொருள்களாக மாறத் தொடங்கியதும்தான் சிக்கல் முளைத்தது. 2004-இல் ஜிமெயில் வந்தது, 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்தது. பக்கம் மாறாமல் பக்கத்துக்குள்ளேயே எல்லாம் நடக்கும் காலம் பிறந்தது. விரியும் மெனு, மடியும் மரவரிசை, தாவல்கள், நகர்த்தும் ஸ்லைடர் போன்ற விட்ஜெட்டுகளுக்கெல்லாம், அதாவது பக்கத்துக்குள் இயங்கும் கருவிகளுக்கெல்லாம், பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அன்று குறிச்சொற்கள் இல்லை. எனவே டிவ் என்ற வெறும் பெட்டியை எடுத்து, நிறம் தீட்டி, ஓரம் வளைத்து, கிளிக் செய்தால் ஓடும்படி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியையும் மாட்டிவிட்டார்கள். பார்ப்பதற்குப் பொத்தான். தட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எச்டிஎம்எல்லின் உண்மையான பட்டன் குறிச்சொல்லை ஒருவர் பயன்படுத்தினால் அவருக்கு என்னென்ன சும்மா கிடைக்கின்றன? டேப் தட்டும்போது அங்கே நிற்கும். நிற்கிறது என்று காட்ட அதைச் சுற்றி ஒரு கோடு விழும். என்டர் விசையை அழுத்திய கணமே இயங்கும். ஸ்பேஸ் விசையாக இருந்தால் அழுத்தும்போது இயங்காது, விரலை எடுக்கும்போதுதான் இயங்கும். ஸ்கிரீன் ரீடர் அதன் பெயரைச் சொல்லி, பொத்தான் என்றும் சேர்த்துச் சொல்லும். முடக்கி வைத்தால் முடங்கியது என்று அறிவிக்கும். டிவ் பெட்டியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையையும் ஒருவர் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதினாலும் ஏதாவதொன்று விடுபடும். ஸ்பேஸ் தட்டினால் பக்கம் கீழே உருளுவது பிரவுசரின் இயல்பு என்பதை மறந்தால், பொத்தான் இயங்கும்போதே பக்கமும் ஓடிவிடும். எனவே பட்டன் இருக்கும் இடத்தில் டிவ் வேண்டாம் என்பதுதான் இந்தத் துறையில் முதலில் கற்க வேண்டியது, கடைசிவரை மறக்கக் கூடாததும் அதுவே.

ஃபோகஸ் இருக்கும் இடம்

விசைப்பலகை வழியாக உலவுபவருக்கு ஒரு பக்கத்தில் தான் இருக்கும் இடம் என்று ஒன்று எப்போதும் வேண்டும். அதைத்தான் ஃபோகஸ் என்கிறார்கள். ஒரு சமயத்தில் ஓர் உறுப்புக்கு மட்டுமே ஃபோகஸ் இருக்க முடியும். தட்டும் விசை எதுவானாலும் முதலில் அந்த உறுப்புக்குத்தான் போய்ச் சேரும். மவுஸ் பிடித்தவர் பக்கத்தின் எந்த மூலைக்கும் ஒரே வீச்சில் தாவலாம். விசைப்பலகையில் அப்படி முடியாது. இருக்கும் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத்தான் போக முடியும். இருக்கும் இடம் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

எந்த உறுப்புகள் ஃபோகஸைப் பெறலாம் என்பதைத் தீர்மானிக்கும் பண்பின் பெயர் டேப்இண்டெக்ஸ். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இதை அறிமுகப்படுத்தியது. ஆனால் இணைப்பு, பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி என்று ஏற்கெனவே ஃபோகஸ் பெறக்கூடியவற்றுக்கு மட்டும். வரிசையை மாற்றி அமைக்கத்தான் அது உதவியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர் இந்த எல்லையைத் தாண்டி எந்த உறுப்புக்கும் அதைச் சூட்ட அனுமதித்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பங்களிப்பால் 2005 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.5-உம் அனுமதித்தது. சாதாரண டிவ் பெட்டியையும் விசைப்பலகை எட்டும்படி செய்ய வழி திறந்தது அப்போதுதான். அதே முயற்சியில் இன்னொன்றும் பிறந்தது: இந்தப் பெட்டி உண்மையில் ஒரு மெனு, அந்தப் பெட்டி ஒரு ஸ்லைடர், அதன் இப்போதைய மதிப்பு இவ்வளவு என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் குறிப்புகளின் தொகுப்பு. ஐபிஎம்மின் ரிச் ஷ்வெர்ட்ஃபெகர் போன்றோர் முன்நின்று வளர்த்த அந்தத் தொகுப்பு ஏரியா என்ற பெயரில் 2014 மார்ச்சில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வமான பரிந்துரையாயிற்று.

டேப்இண்டெக்ஸுக்கு மூன்று வகை மதிப்புகள் உண்டு. 0 என்றால் பக்கத்தில் எழுதப்பட்ட வரிசைப்படி டேப் அங்கே நிற்கும். -1 என்றால் டேப் நிற்காது. ஆனால் நிரல் நினைத்தால் ஃபோகஸை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். 1, 2, 3 என்று மிகை எண் கொடுத்தால் அந்த உறுப்புகள் பக்கத்தில் எங்கே இருந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றுகொள்ளும். இந்த மூன்றாவதை நான் எங்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே ஒரு உறுப்புக்கு 1 என்று கொடுத்த ஒருவர் முழுப் பக்கத்தின் வரிசையையும் குலைத்துவிடுகிறார். அதைச் சரிசெய்ய எல்லாவற்றுக்கும் எண் கொடுக்க வேண்டிவரும்.

நம் கதைக்கு வேண்டியது 0-உம் -1-உம் மட்டுமே. கடிதம் எழுதும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கருவிப்பட்டை. அதில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, பட்டியல், இணைப்பு என்று 24 பொத்தான்கள். அதற்குக் கீழே எழுதும் இடம். எல்லாப் பொத்தான்களுக்கும் டேப் நிற்கும் என்றால், எழுதும் இடத்துக்கு வர 24 முறை டேப் தட்ட வேண்டும். ஒரு சொல்லைத் தடிக்கச் செய்ய மேலே போய்த் திரும்புவதென்றால் அத்தனை தட்டலும் மறுபடி. சுவிட்ச் ஒன்றை மட்டும் வைத்து, ஒவ்வொரு தட்டலுக்கும் மூச்சுப் பிடிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். பக்கம் எட்டும்படி இருக்கிறது, ஆனால் எட்டுவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவார்.

இதற்கான தீர்வு மேசைக் கணினிகளிலிருந்தே வந்தது. டேப் ஊர்விட்டு ஊர் போகும் பேருந்து, அம்புக்குறி ஊருக்குள் நடந்து போகும் கால். பேருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு நிறுத்தம் போதும். கருவிப்பட்டை முழுக்க டேப்புக்கு ஒரே நிறுத்தம்; உள்ளே இடம், வலம் அம்புக்குறிகளால் நடக்க வேண்டும். ஹோம் தட்டினால் முதல் பொத்தான், எண்ட் தட்டினால் கடைசிப் பொத்தான்.

இதை நிரலில் செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, அவ்வளவு சிறியது. முதல் பொத்தானுக்கு டேப்இண்டெக்ஸ் 0, மற்ற 23-க்கும் -1. வலது அம்புக்குறி தட்டியதும் இப்போதுள்ள பொத்தானின் 0 மாறி -1 ஆகிறது, அடுத்த பொத்தானின் -1 மாறி 0 ஆகிறது, ஃபோகஸ் அங்கே நகர்த்தப்படுகிறது. அவ்வளவுதான். அந்த ஒற்றை 0 பொத்தானுக்குப் பொத்தான் அலைந்துகொண்டே இருப்பதால் இதற்கு ரோவிங் டேப்இண்டெக்ஸ் என்று பெயர். இதன் அழகு இன்னொரு இடத்தில் தெரியும். 17-ஆவது பொத்தானில் இருந்துகொண்டு டேப் தட்டி எழுதும் இடத்துக்குப் போகிறீர்கள். சிறிது நேரம் எழுதிவிட்டு ஷிஃப்ட்+டேப் தட்டினால் மீண்டும் அதே 17-ஆவது பொத்தானில் வந்து நிற்பீர்கள். 0 அங்கேதானே இருக்கிறது. கருவிப்பட்டை உங்கள் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது, அதற்கென்று தனியாக ஒரு வரிகூட எழுதாமல்.

மரவரிசையிலும் இதே 0 அலைகிறது, ஆனால் அம்புக்குறிகளுக்குப் பொருள் கூடுகிறது. மடிந்திருக்கும் கிளையில் வலது அம்புக்குறி அதை விரிக்கும். விரிந்த கிளையில் மறுபடி தட்டினால் முதல் பிள்ளைக்கு இறங்கும். இடது அம்புக்குறி மடிக்கும், ஏற்கெனவே மடிந்திருந்தால் தாய்க் கிளைக்கு ஏறும். இந்த வழக்கங்களையெல்லாம் ஏரியாவோடு சேர்ந்து வளர்ந்த செயல்முறைக் கையேடு ஒன்று விட்ஜெட் விட்ஜெட்டாக எழுதி வைத்திருக்கிறது. அவை சட்டமல்ல. ஆனால் ஒரு தளத்தில் கற்ற பழக்கம் அடுத்த தளத்தில் பலிக்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒன்றையே பின்பற்றுவதுதான் வழி.

தாவல்களில் ஒரு நுட்பமான கேள்வி எழும். அம்புக்குறியால் அடுத்த தாவலுக்கு நகர்ந்த உடனே அதன் உள்ளடக்கம் திறக்க வேண்டுமா, என்டர் தட்டிய பிறகு திறக்க வேண்டுமா? உள்ளடக்கம் ஏற்கெனவே பக்கத்தில் தயாராக இருந்தால் உடனே திறப்பது நல்லது, ஒரு தட்டல் மிச்சம். ஒவ்வொரு தாவலும் சர்வரிலிருந்து தகவல் இறக்க வேண்டியது என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். மெதுவான இணைப்பில் ஐந்தாவது தாவலுக்கு நடந்து போகிறவர், வழியிலுள்ள மூன்றும் தேவையில்லாமல் இறங்கி முடிவதற்காகக் காத்து நிற்கக் கூடாது.

நாள்காட்டி விட்ஜெட்டில் விசைகள் இன்னும் அதிகம். இடம், வலம் ஒரு நாள். மேல், கீழ் ஒரு வாரம். பேஜ் அப், பேஜ் டவுன் ஒரு மாதம். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் ஒரு வருடம். விமான டிக்கெட் எடுக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் வேலைவாய்ப்பு விண்ணப்பங்களில் பிறந்த தேதிக்கும் நாள்காட்டியையே வைக்கிறார்கள், அதுவும் மாதம் மாதமாக மட்டும் பின்னே போகும் பொத்தானோடு. 2025 ஜனவரியிலிருந்து 1998 ஜனவரிக்குப் போக 324 முறை தட்ட வேண்டும். வருடத்துக்கு விசை இருந்தாலும் 27 முறை. யாருக்கும் தன் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்க நாள்காட்டி தேவையில்லை. எட்டு இலக்கங்களைத் தட்டிவிடுவார்கள். சிறந்த விட்ஜெட் எதுவென்று தேடுவதற்கு முன் விட்ஜெட்டே வேண்டுமா என்று கேட்பது நல்லது.

கேட்பவரின் பக்கம்

விசைகளை நிரலில் சரியாக எழுதிவிட்டேன், ஆனால் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு வேலை செய்யவில்லை என்று பல நிரலாளர்கள் குழம்புவார்கள். காரணம் எளியது. ஸ்கிரீன் ரீடர் விசைகளைப் பக்கத்துக்கு முன்பே பிடித்துக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எடுத்துக்கொள்வோம். அது இலவசம், அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். ஒரு பக்கத்தைத் திறந்ததும் என்விடிஏ உலாவும் நிலையில் இருக்கும். அப்போது கீழ் அம்புக்குறி தட்டினால் அடுத்த வரியை வாசிக்கும். எச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், பி தட்டினால் அடுத்த பொத்தானுக்கு. இந்தத் தட்டல்கள் பக்கத்தின் நிரலுக்குப் போகவே போகாது. எழுதும் பெட்டிக்குள்ளோ தாவல், மரவரிசை போன்ற விட்ஜெட்டுக்குள்ளோ நுழையும்போது அது ஃபோகஸ் நிலைக்கு மாறி, விசைகளைப் பக்கத்துக்கு விட்டுவிடும். உள்ளே நுழைந்தது என்ன வகை உறுப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏரியாவின் ரோல் என்ற குறிப்பால்தான்.

ஆகவே ரோல் என்பது பெயர்ப்பலகையோடு முடிந்துபோவதில்லை. இது மெனு என்று எழுதினால், மெனுவுக்குரிய அம்புக்குறி, ஹோம், எண்ட், எஸ்கேப் அத்தனையும் இங்கே இயங்கும் என்று கேட்பவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். தளத்தின் மேலே இருக்கும் சாதாரண இணைப்புப் பட்டியலுக்கு மெனு என்று ரோல் கொடுத்துவிட்டு விசைகளை எழுதாமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஸ்கிரீன் ரீடர் நிலை மாறிவிடும், அம்புக்குறி பக்கத்துக்குப் போகும், அங்கே அதைக் கேட்க ஆளில்லை. அந்தக் குறிப்பு இல்லாமலே இருந்திருந்தால் அவர் நிம்மதியாக வரி வரியாக வாசித்துப் போயிருப்பார். வாக்கைக் காப்பாற்ற முடியாத இடத்தில் ரோலை எழுதாமல் விடுவதே மேல்.

இடம் தொலையும் விபத்துகளில் இரண்டு மிகவும் சாதாரணமானவை. ஒன்று, எழும்பும் உரையாடல் பெட்டி. பெட்டி திறந்ததும் ஃபோகஸ் அதற்குள் போக வேண்டும். டேப் தட்டினால் பின்னால் மங்கியிருக்கும் பக்கத்துக்கு வழுக்கி விழாமல் உள்ளேயே சுற்ற வேண்டும். எஸ்கேப் தட்டினால் மூட வேண்டும். மூடியதும் எந்தப் பொத்தானிலிருந்து திறந்தோமோ அங்கேயே திரும்ப வேண்டும். வெளியேற வழி இருப்பதால் இது பொறியல்ல. வழியில்லாமல் அடைபடுவதைத்தான் டபிள்யூ3சியின் இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் தடைசெய்கின்றன. பல வருடங்களாக இந்த நான்கையும் கையால் எழுதி வந்தோம். 2022 மார்ச்சிலிருந்து டயலாக் என்ற குறிச்சொல் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் இருக்கிறது. பெரும்பகுதியை அதுவே கவனித்துக்கொள்ளும்.

இரண்டாவது, அழித்தல். பத்துக் கோப்புகள் உள்ள பட்டியலில் நான்காவதை நீக்கு என்ற பொத்தானைத் தட்டுகிறீர்கள். கோப்போடு அந்த நீக்கு பொத்தானும் மறைகிறது. ஃபோகஸ் அதில்தானே இருந்தது? ஃபோகஸ் பெற்றிருந்த உறுப்பு இல்லாமல் போனால் பிரவுசர் அதைப் பக்கத்தின் உடலுக்கே திருப்பிவிடும். பல சமயங்களில் அடுத்த டேப் பக்கத்தின் உச்சியிலிருந்து தொடங்கும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் கேட்காது. மவுஸ் பிடித்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அடுத்த கோப்பின் நீக்கு பொத்தானுக்கு, அது கடைசிக் கோப்பு என்றால் முந்தையதற்கு, பட்டியலே காலியாகிவிட்டால் பட்டியலின் தலைப்புக்கு ஃபோகஸை நகர்த்துவது மூன்று நான்கு வரி வேலை. அந்த வரிகளைத்தான் பெரும்பாலான தளங்களில் காணோம்.

பார்வையுள்ள விசைப்பலகைப் பயனருக்கு வேறொரு விதத்தில் இடம் தொலைகிறது. ஃபோகஸைச் சுற்றி விழும் கோடு அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் ஒரே வரியில் அதை நீக்கிவிடுவார். மவுஸால் கிளிக் செய்யும்போதும் கோடு விழுகிறதே என்ற எரிச்சல்தான் பெரும்பாலும் காரணம். அதற்கு ஃபோகஸ்-விசிபிள் என்ற விதி இப்போது இருக்கிறது. விசைப்பலகையால் வந்தால் கோட்டைக் காட்டும், பொத்தானை மவுஸால் அழுத்தினால் காட்டாது. இனி கோட்டை அழிக்க ஒரு நியாயமும் இல்லை. 2023 அக்டோபரில் வந்த வழிகாட்டி நெறிகளின் 2.2 பதிப்பு இன்னும் ஓர் அடி போய், ஃபோகஸ் பெற்ற உறுப்பு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டைகளுக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடக் கூடாது என்கிறது.

இந்தியாவில் இவை விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற நிலையைத் தாண்டிவிட்டன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணிம சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

தமிழில் தட்டும்போது

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன; வெளிநாட்டில் எழுதப்பட்ட விட்ஜெட் நூலகங்களை அப்படியே எடுத்து வைக்கும்போது அவை எட்டிப் பார்க்கும்.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 38 முறை கீழ் அம்புக்குறி தட்டுவதைத் தவிர்க்க, முதலெழுத்தைத் தட்டினால் அங்கே தாவும் வசதியைப் பட்டியல் விட்ஜெட்டுகள் வைத்திருக்கின்றன. அரை நொடி, ஒரு நொடிக்குள் அடுத்த எழுத்தையும் தட்டினால் இரண்டையும் சேர்த்துத் தேடும். க தட்டினால் கடலூர். தொடர்ந்து கீழே கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி, காஞ்சிபுரம், கிருஷ்ணகிரி, கோயம்புத்தூர். வரிசையே முதல் சோதனை: யூனிகோடு எண்களின்படி வெறுமனே அடுக்கினால் ன எழுத்து ர, ள இரண்டுக்கும் முன்னால் வந்து, கன்னியாகுமரி கரூருக்கு மேலே ஏறிவிடும். கண்ணால் பார்ப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். கரூரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகிறவர், கள்ளக்குறிச்சியையும் தாண்டிய பிறகு கன்னியாகுமரி இல்லவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் அகரவரிசை அறிந்த ஒப்பீட்டுக் கருவி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆழமானது. நம்மில் பலர் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறோம்: ஆங்கில எழுத்துகளைத் தட்ட, உள்ளீட்டு மென்பொருள் அவற்றைத் தமிழாக்கித் தருகிறது. அந்த மென்பொருள் எழுதும் பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யும். வெறும் பட்டியல் ஒன்றில் ஃபோகஸ் இருக்கும்போது எழுதும் பெட்டி ஏது? விட்ஜெட்டுக்குக் கிடைப்பது பச்சையான ஆங்கில எழுத்துதான். தமிழ்ப் பெயர்களில் அந்த எழுத்தைத் தேடி, ஒன்றும் கிடைக்காமல் பேசாமல் இருந்துவிடும். எனவே நீண்ட தமிழ்ப் பட்டியலுக்கு மேலே ஓர் எழுதும் பெட்டி இருக்கும் வகையே பொருத்தம், காம்போபாக்ஸ் என்பார்கள். தட்டத் தட்டக் கீழே பட்டியல் சுருங்கும்.

காம்போபாக்ஸில் அலையும் 0 உதவாது. ஃபோகஸைப் பட்டியலுக்கு நகர்த்தினால் தொடர்ந்து தட்ட முடியாமல் போய்விடும். அதனால் ஃபோகஸ் எழுதும் பெட்டியிலேயே இருக்கிறது. கீழ் அம்புக்குறி தட்டும்போது பட்டியலில் எந்த வரி இப்போது நடப்பில் உள்ளது என்பதை ஏரியா-ஆக்டிவ்டிசெண்டன்ட் என்ற பண்பு சுட்டுகிறது. ஸ்கிரீன் ரீடர் அந்த வரியை வாசிக்கும். இதில் பிரவுசர் இரண்டு வேலைகளைச் செய்வதில்லை: நடப்பு வரிக்கு நிறம் காட்டாது, அது பார்வைக்குக் கீழே போய்விட்டால் பட்டியலை உருட்டியும் தராது. இரண்டையும் நாமே எழுத வேண்டும்.

இங்கேதான் இரண்டு பட்டியல்கள் மோதிக்கொள்கின்றன. ஒலிபெயர்ப்பு மென்பொருள் தானும் ஒரு சிறு பரிந்துரைப் பட்டியலைக் காட்டும். கோவை, கோவே, கொவை என்று. அதில் இறங்கக் கீழ் அம்புக்குறி, தேர்ந்தெடுக்க என்டர். காம்போபாக்ஸுக்கும் அதே விசைகள்தான். சொல்லை முடிப்பதற்காக என்டர் தட்டியவருக்கு, காம்போபாக்ஸ் அந்த என்டரைத் தனக்கானதென்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு மாவட்டத்தை நிரப்பிவிடும். சில படிவங்கள் அப்படியே சமர்ப்பிக்கப்பட்டும் போயிருக்கின்றன. எழுத்துச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்போது வரும் விசை நிகழ்வுகளை, இஸ்கம்போசிங் என்ற அடையாளத்தைப் பார்த்து, விட்ஜெட் தொடாமல் விட வேண்டும். சஃபாரியில் சேர்க்கை முடிந்த பிறகே என்டர் நிகழ்வு வருவதால் அந்த அடையாளம் பொய் சொல்லும். அங்கே விசை எண் 229 என்று வருகிறதா என்றும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். எஸ்கேப்புக்கும் இதே கதை. பரிந்துரைப் பட்டியல், காம்போபாக்ஸ் பட்டியல், இரண்டையும் தாங்கும் உரையாடல் பெட்டி என்று மூன்று அடுக்குகள் திறந்திருக்கும்போது ஒரு எஸ்கேப் ஒரு அடுக்கை மட்டுமே மூட வேண்டும். மூன்றும் சேர்ந்து மூடினால், பாதி நிரப்பிய படிவம் போயிற்று.

கடைசியாக, கோயம்புத்தூர். கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம். அல்லது முன்னே வரும் கொம்பையும் பின்னே வரும் காலையும் இரண்டு எண்களாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் எழுத்துகளை எண் எண்ணாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. தரவுத்தளத்தில் ஒரு விதமாகவும் பயனரின் விசைப்பலகையில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கோயம்புத்தூர் என்று முழுதாகத் தட்டினாலும் பட்டியல் காலியாகவே நிற்கும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் நார்மலைஸ் என்ற ஒரு செயற்கூறின் வழியே அனுப்பினால் இந்தப் பிழை வராது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த விட்ஜெட்டில் இது கண்ணில் படப்போவதில்லை. மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழில் தட்டி, 38 மாவட்டங்களையும் ஒருமுறை தேர்ந்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.